ஃபியூஸ் பெட்டியில் இருந்த கையெழுத்து

நாற்காலி மேல் ஏறி ஃபியூஸ் பெட்டியின் கதவை வெடுக்கென்று திறந்தாள் அக்கா. பின்னால் கட்டிலில், விடியற்காலைத் தூக்கத்திலேயே இதயம் நின்றுபோன தம்பி. அவனுக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"இப்ப எதுக்கும்மா அங்க ஏறுற?" என்றார் சித்தப்பா.

"அவன் எழுத்தப் பாக்கணும்."

வாசலில் வேன் நின்றது. ஆராய்ச்சி மையத்துப் பெண் செருப்பை வெளியே விட்டு வந்திருந்தாள். இறந்தபின் தன் மூளையைத் தருவதாகத் தம்பி நிரப்பிய படிவம் அக்காவின் கையில். பன்னிரண்டுக்குள் உடலை எடுத்துப்போக வேண்டும். அதற்கு அக்காவும் கையெழுத்திட வேண்டும். மணி பத்தே முக்கால்.

"தலைகால் புரியாம ஆடுன நாள்ல எழுதியிருப்பான். வழியில போறவனுக்கு வீட்டையே எழுதித் தரேன்னவன்தானே?" என்றார் சித்தப்பா.

அதுதான் அவளையும் அரித்தது. எழுதித் தந்தது அவனா, ஒரு மாதம் ஏற்றி ஒரு மாதம் இறக்கும் அவன் மனநோயா?

தம்பி எலெக்ட்ரீஷியன். பெட்டியில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் கீழே அது எதற்கென்று எழுதிக் காகிதத் துண்டு ஒட்டியிருந்தான். உற்சாகம் தலைக்கேறிய மாதத்தில் எழுதிய 'சமையலறை' காகிதத்தைத் தாண்டித் தகரத்தில் ஓடியது. எழுந்திருக்கவே முடியாத மாதத்து 'மோட்டார்' எறும்பாய்ச் சுருங்கியிருந்தது. மாத்திரை கைகொடுத்த நாளில் எழுதியது 'அக்கா அறை': நேராக, அளவாக.

படிவத்தைப் பக்கத்தில் பிடித்தாள்.

"இந்த நோய்ல மூளை செல்லுங்க சிலது அளவுக்கு மீறித் துடிக்குதுக்கா," என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "சாதாரண உப்பு மாதிரி ஒரு மருந்து அதை எப்படி அடக்குதுன்னு இன்னும் முழுசாத் தெரியல. உள்ள பாத்தாத்தான் தெரியும். ஆனா உங்களுக்கு மனசில்லன்னா நாங்க போயிடுறோம். தப்பா நெனைக்க மாட்டோம்."

அக்கா படிவத்தின் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தாள். 'குறிப்புகள்' என்ற இடத்தில், நேராக, அளவாக:

'திறப்பதற்கு முன் மெயினை ஆஃப் செய்யவும்.'

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. ஏறிய நாட்களில் பெருமை பேசுவான். இறங்கிய நாட்களில் பேசவே மாட்டான். இப்படிக் கேலி செய்கிறவன் தம்பிதான், நோய் இல்லை.

"கடவுளே," என்று முணுமுணுத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். ஆடிய நாற்காலியைச் சித்தப்பா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். அந்தப் பெண் குனிந்து, தம்பியின் சட்டையில் விட்டுப்போன பொத்தானை மாட்டினாள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் அக்கா.

திரும்பி, மெயினை இறக்கினாள். விசிறி இன்னும் சில சுற்றுச் சுற்றி, நின்றது.

"இப்பத் தூக்குங்க."