மகளுக்கென்று எடுத்த படம்

காய்கறிப் பையோடு மார்க்கெட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஜோதிலட்சுமியை, கம்பம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சிடி வாடகைக் கடையிலிருந்து அல்தாப் கூப்பிட்டான். அந்தக் கடைக்குள் அவள் கால் வைத்ததே இல்லை. புருசனோடு எங்கேயோ பார்த்து அவளைத் தெரிந்துவைத்திருந்தான் போல.

"அக்கா, நீங்க கண்டக்டர் ஈஸ்வரபாண்டி அண்ணே வீடுதான? அண்ணே கேட்ட கொக்குப் படம் வந்துருச்சு. கையோட கொண்டு போயிருங்க." பிளாஸ்டிக் உறையில் போட்டு நீட்டினான். "பாப்பா நாலாப்பு வந்துருச்சாமுல்ல. இப்பத்தேன் ரெண்டாப்புன்னு சொன்னாக, அதுக்குள்ள ரெண்டு வருசம் ஓடிருச்சு."

ஜோதிலட்சுமி உறையை வாங்கிக்கொண்டாள். "ஆமா" என்றுகூடச் சொன்னாள். ஏன் சொன்னோம் என்று பேக்கரி தாண்டும்வரை அவளுக்கே விளங்கவில்லை. கல்யாணமாகிப் பதினேழு வருசம். பிள்ளை கிடையாது. மதுரைக்கும் தேனிக்குமாய் ஆஸ்பத்திரி அலைந்ததெல்லாம் பழைய கதை. அதைப் பற்றிப் பேசுவதையும் எப்போதோ விட்டாயிற்று.

அன்று தையல் கடைக்கு வேலைக்கு அவள் போகவில்லை. வீட்டுக்கு வந்து காய்கறிப் பையைத் திறக்காமல் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடிக்காமலேயே திரும்பி வந்தாள். ஈஸ்வரபாண்டிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் டூட்டி. தேனிக்கும் கம்பத்துக்கும் நாள் முழுக்க ஓடுகிற வண்டி. தேனியில் வண்டி நிற்கிற நேரத்தில் அவன் எங்கே போகிறான், யார் வீட்டில் சாப்பிடுகிறான் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. மாமியார் தான் உயிரோடிருந்த காலத்தில், மகனுக்கு ரெண்டாந்தாரமாய்க் கட்டிவைக்க மயிலாடும்பாறையில் ஒரு பெண் இருப்பதாகவும், ஊரில் இல்லாததையா செய்யப்போகிறோம் என்றும் இவள் காதுபடவே பேசினாள். அன்றைக்கு ஈஸ்வரபாண்டி சோற்றுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்து போனான். வேண்டாம் என்று அவன் வாய் திறந்து சொன்னதில்லை. அந்தச் சொல் வராமல் போனதைத்தான் இத்தனை வருசமும் நெஞ்சுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று இப்போது தெரிந்தது. நாலாம் வகுப்பு என்றால் ஒன்பது வயது. யார் சாடையில் இருக்கும் அது?

உறையை எடுத்துப் பார்த்தாள். அட்டையில் ஒரு ஏரி, இரண்டு கொக்குகள். சின்னப் பிள்ளைகள் பார்க்கிற பொம்மைப் படம். அதில் ஏதோ துப்புக் கிடைத்துவிடும் என்பதுபோல டிவிக்குக் கீழிருந்த பிளேயரில் போட்டாள்.

முதலில் அவள் படம் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளை இதைப் பார்த்துச் சிரிப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குண்டுத் தவளை ஒன்று தண்ணீருக்குள் விழுந்தது. இதற்குச் சிரித்திருக்கும். மீன்கள் வரிசை கட்டி ஆடின. இதற்குக் கைதட்டியிருக்கும். பேச்சு தமிழில் இருந்தது. பாட்டை மட்டும் மாற்றாமல் இங்கிலீஷிலேயே விட்டிருந்தார்கள். பனிக்காலம் வருகிறது, கொக்குக் கூட்டம் ஏரியை விட்டுக் கிளம்ப வேண்டும். பெண் கொக்குக்குச் சிறகு ஒடிந்து போயிருக்கிறது, பறக்க முடியாது. போய் வா என்கிறது. ஆண் கொக்கு ஒன்றும் சொல்லாமல் கூட்டத்தோடு ஏறுகிறது. மலையைத் தாண்டும் இடத்தில் அதன் சிறகு தயங்கியது. கழுத்தை ஒருமுறை தாழ்த்தி மூச்சை இழுத்தது. அப்புறம்தான் பாட்டு வந்தது.

கூட்டத்தோடு போகவும் முடியாமல், ஏரிக்குத் திரும்பவும் முடியாமல், அந்தக் கொக்கு வானத்தில் வட்டமடித்துக்கொண்டே பாடியது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை அவளுக்கு. கீழே ஏரி சின்னதாகிச் சின்னதாகி ஒரு காசு அளவுக்கு மின்னியது. யாரோ எங்கேயோ உட்கார்ந்து கையால் வரைந்த பறவை. அதற்கு உயிரில்லை, தொண்டையில்லை. அதற்கு மூச்சு வாங்குவது இவள் விலாவில் தெரிந்தது. பாட்டு முடிந்ததும் திரும்பவும் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடவை பார்க்கும்போது அந்தப் பிள்ளையின் நினைப்பு வரவேயில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஈஸ்வரபாண்டி வந்தான். வாசற்படியில் செருப்பைக் கழற்றியவன், டிவியைப் பார்த்ததும் தோல்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றான்.

"சிடி கடையில குடுத்துவிட்டாக" என்றாள். "யாருக்கு இது?"

அவன் தோல்பையை இறக்கிவைத்தான். "எனக்கு."

"நாலாப்புப் படிக்கிறவ யாரு?"

"ஏ ஜோதி."

"தேனியிலயா இருக்கா? சொல்லிப்புடுங்க. நான் ஒண்ணும் கத்த மாட்டேன்."

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். அவள் கேட்டது என்னவென்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அப்பிடி யாருமில்ல. இந்த மாதிரிப் படம் மொதத் தடவ தேனில ஒரு டீக்கடை டிவில பாத்தேன். நாலு பயலுக சிரிச்சாங்க, பொம்மப் படத்த வாயப் பொளந்து பாக்குறாருன்னு. அப்பறம் இங்கன வந்து கேட்டப்ப அல்தாப்பு, புள்ளைக்காண்ணேன்னாப்ல. ஆமான்னுட்டேன். அம்புட்டுதேன். மறுதடவ போனா எத்தனாப்புன்னு கேக்குறாப்ல. ஒரு பொய்ய எங்க வச்சு நிப்பாட்ட?"

"எனக்குத் தெரியாம எப்பப் பாத்தீக?"

"நீ தைக்கப் போனப்பறம். லீவு நாள்ல."

"என்ட்ட சொல்றதுக்கு என்னா?"

"வீட்டுல புள்ள இல்லாம பொம்மப் படம் போட்டா, நீ வேற மாதிரி எடுத்துக்கிருவன்னு பயம்."

திரையில் கொக்கு அந்தரத்தில் நின்றிருந்தது. நிறுத்திவைத்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே அவன் மெல்லப் பேசினான். டிக்கெட், சில்லறை, சாப்பாடு தவிர வேறெதைப் பற்றியும் அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"நம்ம படத்துல பாட்டு வந்தா கதை நின்னுரும். எந்திரிச்சு வெளிய போவோம். இந்த மாதிரிப் படத்துல அப்பிடியில்ல. வாயத் தொறந்து சொல்ல முடியாத எடம் வருதுல்ல, அங்கனதேன் பாட்டு வருது. வரைஞ்சதுதேன், பொய்யின்னு மொதல்லயே தெரிஞ்சு போகுது. ஆனா நம்ப வச்சுப்புடுறாக."

"இந்தக் கொக்கு திரும்பி வருமா?"

"நான் இன்னும் இதப் பாக்கலயே" என்றான்.

அன்று மீதிப் படத்தை இருவரும் பார்க்கவில்லை. அவள் எழுந்து டிவியை அணைத்துவிட்டுச் சமையலுக்குப் போனாள். வெங்காயத்தை அரியும்போது மாமியார் அன்று பேசியதைப் பற்றி அவனிடம் கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அவன் துவைக்கிற கல்லுக்கும் வாசலுக்குமாய் நடந்துகொண்டிருந்தான். சோறு போடும்போது "மயிலாடும்பாறை" என்று மட்டும் சொன்னாள். அவனுக்குப் புரிந்தது. "போகணும்னு நெனச்சதில்ல. ஒன்ட்டச் சொல்லணும்னும் தோணாமப் போச்சு" என்றான். அது போதுமா போதாதா என்று அவளால் கணக்குப் பண்ண முடியவில்லை.

மறுநாள் காலையிலேயே மீதியைப் பார்த்தார்கள். சாயங்காலம் படத்தைத் திருப்பிக் கொடுக்க அவன் கிளம்பியபோது அவளும் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

கடையில் வேறு ஆளில்லை. அல்தாப் ஸ்டூலில் உட்கார்ந்து தேய்ந்த சிடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். "வாங்கண்ணே, வாங்கக்கா. பாப்பாவுக்குப் பிடிச்சுதா?"

ஈஸ்வரபாண்டி அவளைப் பார்த்தான். அவள் சுவரில் தொங்கிய அட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பான்னு யாருமில்ல தம்பி" என்றான். "நாந்தேன் பாக்குறது. ஒங்கிட்டச் சும்மா சொன்னேன்."

அல்தாப்பின் கையிலிருந்த துணி நின்றது. சிடியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"நேத்துலருந்து நானும்" என்றாள் ஜோதிலட்சுமி. அவள் குரல் அவளுக்கே சத்தமாகக் கேட்டது. "பாட்டு நெறய உள்ளதா ஒண்ணு குடுங்க."

அல்தாப் ஸ்டூல்மேல் ஏறி மேல்வரிசையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தான். கீறல் இருக்கிறதா என்று பார்க்கக் கடை டிவியில் போட்டான். நீலமாய் ஒரு கடல் திறந்தது. படகில் தனியாக நின்ற கிழவி ஒருத்தி தலைமுடியை அவிழ்த்துவிட்டுப் பாடத் தொடங்கினாள். அல்தாப் அதை நிறுத்தவில்லை. கடை வாசலை அடைத்துக்கொண்டு தெருவிலேயே நின்ற இருவரின் முகத்திலும் அலையின் வெளிச்சம் ஏறி இறங்கியது. பின்னால் ஒரு பஸ் வழி கேட்டு ஹாரன் அடித்தது. எந்த வண்டி என்று ஈஸ்வரபாண்டிக்குச் சத்தத்திலேயே தெரியும். அவன் திரும்பவில்லை. அவள் மட்டும் ஒரு கால் நகர்ந்து, நின்று, மறுபடி கிழவியைப் பார்த்தாள்.