தறிச் சத்தத்தில் புதுப்பல்

கருமத்தம்பட்டி அங்கப்பனுக்கு மேல்வரிசையில் முன்பல் ஐந்து கிடையாது. பல வருடங்களுக்கு முன் நூலோடு குறுக்கே ஓடும் நாடாக்கட்டை தறியிலிருந்து தெறித்து, ஊரில் வேறு இடமே கிடைக்காத மாதிரி அவர் வாயைத் தேடி வந்து அடித்தது. அதற்காக அவர் பேச்சைக் குறைத்துக்கொள்ளவில்லை. விசைத்தறி ஓடும் கொட்டகையில் தொண்டையால் பயனில்லை. எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். அங்கப்பன் ஒரு கோடியில் நின்று வாயசைப்பார். மறுகோடியில் மனைவி பாவாத்தாள் வேலையைச் செய்வாள். 'நூலைக் கட்டு', 'டீ வை', 'அங்கென்ன வேடிக்கை'. அந்த ஓட்டை வாய்க்கும் அவள் பழகியிருந்தாள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் யுவஸ்ரீதான் வீடியோ காலில் அப்பா சிரிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், ஊருக்கு வந்து, கோயமுத்தூரில் ரவிதேஜா என்ற பல் டாக்டரிடம் அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

"இது கழட்டி மாட்டற பல்செட் இல்லீங்க. தாடை எலும்புல மூணு திருகாணி இறக்குவோம். எலும்பு அதைப் புடிச்ச பின்னால, அஞ்சு பல்லையும் ஒரே பாலமா அதும்மேல நிறுத்திருவோம்" என்றார் டாக்டர்.

"தறிக்கு பவுண்டேசன் போல்ட்டு போடறாப்லைங்களா?"

"கிட்டத்தட்ட அப்படித்தானுங்க."

"அப்ப ஓட்டறப்ப அதிருமுங்களா?"

"அது நீங்க எவ்வளவு பேசறீங்கங்கறதப் பொறுத்ததுங்கப்பா" என்றாள் மகள்.

பல்லின் அளவையும் நிறத்தையும் திரையில் அவளே தேர்ந்தெடுத்தாள். அங்கப்பன் எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றார். சில மாதம் கழித்துப் பாலம் ஏறியபோது, உள்ளே மடிந்து கிடந்த மேலுதடு கல்யாணப் பந்தல் மாதிரி தூக்கி நின்றது. தெருவே மெச்சியது. கேட்காதவர்களுக்கும் சிரித்துக் காட்டினார்.

மறுநாள் தறி ஓடியது. அங்கப்பன் தன் கோடியில் நின்று வாயசைத்தார். பாவாத்தாள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் இன்னும் பெரிதாக வாயைத் திறந்தார். பல்லைத்தான் காட்டுகிறார் என்று நினைத்து, நன்றாயிருக்கிறது என்று தலையாட்டிவிட்டு அவள் திரும்பிக்கொண்டாள்.

மத்தியானம் சோற்றில் கை வைக்காமல் கேட்டார். "நாஞ் சொல்றது உனக்கு வெளங்குலியா?"

"உதடு புதுசா இருக்குதுங்க. ஒண்ணும் புடிபடமாட்டேங்குது."

"பழகிரும்."

"பழகோணும்னு எனக்கொண்ணும் அவசரமில்லீங்க."

அங்கப்பன் தட்டைத் தள்ளி வைத்தார். அவர் பேச்சைக் கேட்க உலகத்தில் மிச்சமிருந்தது இந்த ஒரு ஆள்தான். மகள் போனில் 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிடுவாள். ஊர்க்காரர்கள் அவரைக் கண்டால் வண்டியை வேறு சந்தில் திருப்புவார்கள். இவளும் கைவிட்டால் அப்புறம் தறியோடுதான் பேச வேண்டும்.

அடுத்த வாரமே பாவாத்தாளையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார்.

"கொஞ்சம் தேச்சு, என்ற பழைய வாயாட்டம் பண்ணி உடுங்க. நாம் பேசறது ஊட்டுல ஏறமாட்டேங்குதுங்க."

டாக்டர் பாவாத்தாளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா, தேச்சிரலாமா?"

"வேண்டாங்க சார். இத்தன அழகா இருக்கறதப் போயி ஏனுங்க கெடுக்கோணும்?"

டாக்டர் தேய்க்காமலே அனுப்பிவிட்டார். இனி ஏதாவது சொல்ல வேண்டுமானால் தறியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய்த்தான் சொல்ல வேண்டும். தறி நின்றால் வேலை நிற்கும். எனவே வாயில் வந்த ஒவ்வொன்றையும், இதற்காகத் தறியை நிறுத்தலாமா என்று அங்கப்பன் எடை போட்டுப் பார்த்தார். எதுவும் தேறவில்லை. சில நாள் அந்தப் பளீர் பற்கள் வாய்க்குள் இருட்டிலேயே கிடந்தன.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் எல்லாத் தறியையும் நிறுத்திவிட்டு அவளிடம் போனார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நாளைக்கு ஆனைமலை போறனுங்க. தங்கச்சி ஊட்டுல ஒரு வாரம் இருந்துபோட்டு வாரேன். தறிக்கு ஆள் சொல்லிப்போட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லவேயில்ல?"

"நாளெல்லாம் சொல்லிட்டுத்தானுங்க இருந்தேன், இந்தக் கோடியில நின்னு. நீங்க என்ற வாயப் பாத்தாத்தானே தெரியும். பல்லுக் கட்டறதுக்கு முன்னாடியும் பாத்ததில்ல."

அங்கப்பன் அவள் உதட்டைப் பார்த்தார். அது சொல்ல வேண்டியதைச் சொல்லி மூடியிருந்தது. பாவாத்தாள் எட்டித் தறி சுவிட்சைப் போட்டாள்.