நேரில் பார்வையிட்டேன்

குற்றப்பத்திரிகை கைக்கு வந்ததும் நான் முதலில் செய்த காரியம், போலீஸ்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டியதுதான். முதல் வரியில் என் பெயர், நகராட்சித் தலைவர். இரண்டாம் வரியில் ஓவர்சியர். ஓடை மேல் போட்ட நடைபாலத்தின் கைப்பிடி பெயர்ந்து, ஒரு தையல்காரம்மா கீழே விழுந்து கால் நொறுங்கிப் போன வழக்கு. கைப்பிடியில் பாதி போல்ட்டுகள் கிடையாது. ஆனால் பாலத்தைத் திறக்கலாம் என்று கொடுத்த சான்றிதழில், 'நேரில் பார்வையிட்டேன், வேலை திருப்தி' என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து, முத்து முத்தாக.

நான் அந்தப் பக்கமே போகவில்லை. எங்கள் ஆபீஸ் பழக்கம் அப்படி. கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தில் எல்லாம் தலைமை எழுத்தர் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டி வைப்பார். சீட்டைப் பார்த்தால் கை தானாக ஓடும். டீ ஆறுவதற்குள் அறுபது ஃபைல். "அம்மா கை மின்னல்" என்பார்கள், எனக்கும் உச்சி குளிர்ந்துவிடும். உட்கார்ந்து படித்தால் ஊர் வேலை எப்படி நடக்கும் என்று ஜம்பம் வேறு.

மறுநாள் காலை தலைமை எழுத்தர் ஓவர்சியரின் சஸ்பெண்ட் உத்தரவைக் கொண்டுவந்து வைத்தார். குற்றப்பத்திரிகையில் பெயர் வந்தால் வழக்கு முடியும்வரை ஆபீஸ் வாசலை மிதிக்கக் கூடாது. மூன்று வருடத்துக்கு முன் நான் மேசையைத் தட்டிக் கொண்டுவந்த விதி. 'யாராக இருந்தாலும்' என்று அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டு பேரை வீட்டுக்கும் அனுப்பினேன்.

"இதுல என் பேரு எங்கண்ணே?" என்றேன்.

"அது சம்பளம் வாங்குறவங்களுக்குத்தாம்மா. நீங்க ஜனங்க ஓட்டுப் போட்டு வந்தவங்க."

"ஓட்டுப் போட்டா கைப்பிடி தாங்கிடுமா?"

அந்த உத்தரவை வரி விடாமல் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, என் விலகலை எழுத ஒரு வெள்ளைத் தாள் கேட்டேன்.

விஷயம் அரை மணி நேரத்தில் என் தம்பிக்குப் போய்விட்டது. அவன்தான் எனக்கு வக்கீல். கறுப்புக் கோட்டோடு அப்படியே ஓடி வந்தான்.

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா? சரி, விலகுறதுன்னா விலகு. உடம்பு சரியில்லன்னு எழுது."

"எனக்கென்னடா கேடு? கல்லைத் தின்னாலும் செரிக்குது."

"அப்ப குடும்பச் சூழ்நிலைன்னு எழுதித் தொலை. போய்ப் பாக்கலன்னு மட்டும் எழுதிடாதே. அந்த ஒரு வரி போதும், ரெண்டு வருஷம் உள்ள தள்ளிடுவாங்க. நீ பாத்தப்ப போல்ட் இருந்துச்சு, அப்புறம் எவனோ கழட்டிட்டுப் போயிட்டான். அப்படித்தான் நான் வாதாடப் போறேன்."

"எவன்டா அந்தத் திருடன்?"

"அது நமக்கெதுக்கு?"

ஜெயில் என்றதும் எனக்குப் பயம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் நான் வீட்டுக்கு அனுப்பிய அந்த இரண்டு பேரும் பயந்துதான் இருப்பார்கள். அன்றைக்கு அவர்கள் முகத்தைக்கூட நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு நகராட்சி மன்றக் கூட்டம். துணைத்தலைவர் எழுந்து, தலைவர் விலகத் தேவையே இல்லை, எல்லாம் எதிரிகளின் சதி என்று பூசி மெழுகினார். அவரை உட்காரச் சொன்னேன்.

"நான் அந்தப் பாலத்தைப் பாக்கல. பாக்காமலே பாத்தேன்னு கையெழுத்துப் போட்டேன். வழக்கு முடியுற வரைக்கும் இந்த நாற்காலி எனக்கு வேண்டாம். அப்படியே குறிப்புல எழுதுங்க."

கடைசி வரிசையில் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. யாராவது கை தட்டுவார்கள் என்றுகூட நினைத்தேன்.

பார்வையாளர் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். தையல்காரம்மாவின் கணவர். ஆறு மாதமாக ஒரு கூட்டம் விடாமல் வந்து உட்காருவார், வாயைத் திறந்ததில்லை.

"அப்ப இது?" என்று ஒரு தாளை நீட்டினார்.

பார்வையாளர் பேசக் கூடாது என்று நாலு பேர் கத்தினார்கள். ஒரு அதட்டல் போட்டு அவர்களை அடக்கிவிட்டு, இறங்கிப் போய் வாங்கினேன். சிகிச்சைக்கு உதவி கேட்டு அவர் கொடுத்த மனுவுக்கு எங்கள் ஆபீஸ் அனுப்பிய பதில். கீழே என் கையெழுத்து. இப்படி ஒன்று போனதே எனக்குத் தெரியாது.

தலைமை எழுத்தர் குனிந்த தலை நிமிரவில்லை. 'இது அவர் எழுதினது' என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. சீ என்றாகிவிட்டது, விழுங்கினேன்.

"தினம் ஒரு தடவை இதை எடுத்துப் படிக்கிறா" என்றார் கணவர். "நான்தான் ஒழுங்கா நடக்கலையோன்னு என்கிட்டயே கேக்குறா."

சபை முழுக்கக் கேட்கும்படி படித்தேன். "மனுதாரரின் மனைவி கைப்பிடியின் மேல் ஏறி விளையாட்டாக நடந்துகொண்டதே விபத்துக்குக் காரணம். நகராட்சி பொறுப்பல்ல."

"இது பொய். கையெழுத்து என்னோடது. இதையும் எழுதுங்கண்ணே."

தம்பி பக்கத்தில் வந்து காதோடு சொன்னான். "அக்கா, போதும். இதுக்கு மேல என்னால உன்னைக் காப்பாத்த முடியாது."

"காப்பாத்தாதே. கூட நில்லு, அது போதும்."

பிறகு அந்த மனிதரிடம் திரும்பினேன். "அவங்க வீட்லதானே இருக்காங்க? நானே வந்து அவங்ககிட்ட இதைச் சொல்லலாமா?"

அவர் தாளைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"வாங்க. ஆனா உள்ள வர வேண்டாம், தெருவுல நின்னே சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேக்கணும்."

"கேக்கும்" என்று சொல்லிவிட்டு அவரோடு வெளியே நடந்தேன்.