சுண்டுவிரல் பக்கத்து முடிச்சு

"மிஸ், மூணு தடவ அடிக்காம விட்டா அவுட்டுன்னு நீங்கதான சொன்னீங்க? அப்புறம் பந்து கீழ விழுந்தா மட்டும் ஏன் ஓட விடறாங்க?"

கடைசி பெஞ்சில் இருந்த முன்பல் விழுந்த சிறுமி இதைக் கேட்டதும் மூன்றாம் வகுப்பே மூச்சை அடக்கிக்கொண்டது. வெளிநாட்டில் நடந்த சாஃப்ட்பால் போட்டியில் தங்கள் கணக்கு டீச்சர் பந்தைக் கோட்டை விட்டதை முந்தின வாரம்தான் பிள்ளைகள் அத்தனை பேரும் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார்கள்.

"அது விதிம்மா" என்று சொல்லிவிட்டு டீச்சர் பெருக்கல் கணக்குக்குத் திரும்பினாள். கேள்வி மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

மட்டையோடு நிற்பவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, வருகிற பந்தைப் பிடிக்கும் கேட்சர் அவள். எதுவும் அவளைத் தாண்டிப் போகாது என்பதால் அணியில் அவளுக்குச் 'சுவர்' என்று பெயர். அந்தப் போட்டியில் எதிரணிப் பெண் மூன்றாவது முறையும் அடிக்கத் தவறினாள். பந்து கையுறைக்குள் வந்தது, விரல்களுக்கு நடுவில் இருந்த தோல் வார் பட்டென்று அறுந்தது, பந்து தரையில் உருண்டது. அப்படி உருண்டால் அடிக்கத் தவறியவள் ஓடலாம். அவள் ஓடினாள், அடுத்தவள் அடித்த அடியில் முழுச் சுற்றும் சுற்றி வந்துவிட்டாள். அந்த ஒரே ஓட்டத்தில் தோல்வி.

தவறு யாருடையது என்று டீச்சருக்குத் தெரியும். அவள் கையுறையைப் பள்ளி மேசை டிராயரில், சாக்பீஸ் துண்டுகளோடு போட்டு வைப்பாள். தோலில் இருந்த எண்ணெயை எல்லாம் சாக்பீஸ் தூள் உறிஞ்சி, வார் காய்ந்துபோயிருந்தது. வாத்தியார் வேலையும் பார்த்துக்கொண்டு விளையாடுகிறவளைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு கூத்து நடந்திருக்காது.

தோற்ற அன்று கையுறையை உடை மாற்றும் அறையின் மூலையில் வீசிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் அது அலமாரியில் இருந்தது. துடைத்து, எண்ணெய் தடவி, புது வார் கோத்து வைத்திருந்தார்கள். சுண்டுவிரல் பக்கம் ஒரு இரட்டை முடிச்சு. அதன் நுனி வெளியே தெரியாமல் உள்ளே செருகியிருந்தது. யார் செய்தது என்று கேட்டதற்கு எல்லோரும் கையை விரித்தார்கள். ரிசர்வ் கேட்சராக இருந்த 'வாண்டு', அக்கா சும்மா விடுங்க, ஏதாவது குட்டிச்சாத்தான் வேலையா இருக்கும் என்று சிரித்தாள்.

ஊர் திரும்பியதும் தேர்வாளர் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"முதல் கேட்சரா வர முடிஞ்சா வாங்க டீச்சர். பெஞ்ச்ல உக்கார வைக்கணும்னா இன்னும் சின்னப் பொண்ணுங்க இருக்காங்க. நீங்களும் வாண்டுவும் ரெண்டு நாள் ஆடுங்க, பாக்கலாம்."

அதாவது, இதில் விட்டால் அவ்வளவுதான்.

டீச்சர் விடவில்லை. பள்ளி திறக்கும் முன்பே வந்து, கழிவறைப் பின்சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்தாள். நோட்டுத் திருத்துவதைக்கூடக் குந்திக்கொண்டே செய்தாள். நாற்காலி என்ன பாவம் பண்ணியது என்று ஆசிரியர் அறையில் கேலி பேசினார்கள். கேலி பேசிய அறிவியல் டீச்சரே, பயிற்சி நாட்களில் யாரும் கேட்காமலேயே அவளுடைய கடைசி வகுப்பை எடுத்துக்கொண்டாள். வீட்டில் கணவர் அவள் முழங்காலுக்கு ஐஸ் கட்டிக்கொண்டே, இந்த ஃப்ரிட்ஜில் இனிமேல் கத்தரிக்காய்க்கு இடமில்லை என்று முணுமுணுப்பார். ஐஸ் தீர மட்டும் விடமாட்டார். படுக்கும்முன் அவள் கடவுளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: அந்த இடம்.

தேர்வின் முதல் நாள் இருவரும் சளைக்காமல் ஆடினார்கள். எதுவானாலும் நாளைதான் தெரியும் என்றார் தேர்வாளர்.

இரண்டாம் நாள் டீச்சர் எல்லோருக்கும் முன்பாக வந்துவிட்டாள். உடை மாற்றும் அறையில் ஈரத் துண்டின் வாடை. சன்னல் வழியே வந்த வெயில் அலமாரியில் விழுந்தது. தன் கையுறையை எடுக்கப் போனவள், பக்கத்தில் கிடந்த வாண்டுவின் கையுறையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

சுண்டுவிரல் பக்கம் இரட்டை முடிச்சு. நுனி உள்ளே செருகியிருந்தது.

தான் கீழே விழுந்தால் அந்த இடத்துக்கு வரவேண்டியவள், உட்கார்ந்து தனக்கு வார் கோத்துக் கொடுத்திருக்கிறாள். டீச்சர் அந்தக் கையுறையை எடுத்துத் திருப்பினாள். விரல்களுக்கு நடுவில் இருந்த வார் நைந்து, நூல் கனத்துக்கு வந்திருந்தது. வேகமாக நாலு பந்து வந்தால் போதும்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கையுறையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே போனால், கேட்ட இடம் தானாகக் கைக்கு வரும். அவள் அதைத் தொட்டதாகக்கூட ஒருவரும் சொல்ல முடியாது.

ஏன் ஓட விடறாங்க?

பிள்ளை கேட்டது இப்போது அவளுக்கு வேறு மாதிரி கேட்டது. பந்து ஒழுங்காகக் கைக்குள் வந்து நிற்காதவரை, ஒருத்தியை 'நீ போ' என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. திங்கட்கிழமை வகுப்பில் முதல் வேலையாக அந்தச் சிறுமிக்கு இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தத் தோல்விக்குப் பிறகு அவள் பையில் எப்போதும் ஒரு புது வார் இருக்கும். அதை எடுத்தாள். பழையதை உருவிவிட்டு, ஓட்டை ஓட்டையாகக் கோத்து, பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள். கடைசி முடிச்சு லேசில் வரவில்லை. பிரித்துப் பிரித்துப் போட வேண்டியிருந்தது. ஒருவழியாக நுனியை உள்ளே தள்ளி, எண்ணெய் தொட்டுத் தடவி, உள்ளங்கையில் ஓங்கிக் குத்திப் பார்த்தாள். தாங்கியது.

வாசலில் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கையுறையை முன்பு கிடந்தபடியே சாய்த்து வைத்தாள். நைந்த வாரைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, எண்ணெய்க் கையைத் துடைத்தபடி, 'சுவர்' மைதானத்துக்கு நடந்தாள். இனிமேல் பிடித்துத்தான் ஜெயிக்க வேண்டும்.