கத்தி போகாத மலை

எதையும் எட்டிப் பார்க்காவிட்டால் கிருஷ்ணகுமாரிக்குச் சோறு இறங்காது. இலங்கையின் றக்வானைக்கு மேலே, பஸ்ஸே மூச்சு வாங்கி ஏறுகிற தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு விஷயம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. உச்சி மலையில் பனிமூட்டம் இறங்கும்போது, அந்தப் பக்கத்துக் காட்டிலிருந்து மெல்லிய தேன்வாசம் ஒன்று வரும், பிடிபடுவதற்குள் போய்விடும். என்ன பூ என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தெரியவில்லையே என்ற கவலையும் யாருக்கும் இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

போய்ப் பார்க்கவும் முடியாது. மலை விளிம்பில் கவ்வாத்துச்சாமி இருந்தது. கோயில், கோபுரமெல்லாம் இல்லை. சிவப்பு பூசிய ஒரு கல், அவ்வளவுதான். தேயிலையை இடுப்பளவுக்கு வெட்டிவிடும் கவ்வாத்துக் காலத்தில், ஆண்கள் கத்திகளை அதன் அடியில் வைத்துத் தேங்காய் உடைத்த பிறகே வேலையைத் தொடங்குவார்கள். கல்லுக்கு அப்பால் கத்தியும் போகாது, காலும் போகாது. கங்காணி பழனியாண்டி, கவ்வாத்து வெட்டியே காய்ப்பேறிய கையை நீட்டிச் சொல்வார்: “சாமிக்கு அந்தாண்ட நமக்கு என்ன வேல புள்ள?”

இப்போது தோட்ட நிர்வாகம் உச்சி மலைத் தேயிலையைக் காட்டுக்கே விட்டுவிடப் போகிறது. நாளைக் காலை முள்கம்பி வேலி அடிக்கிறார்கள். இன்று கடைசிக் கொழுந்து. இன்றைக்கு விட்டால், அந்த வாசம் என்னவென்று தெரியாமலே தன் காலம் முடிந்துவிடும்.

பறித்த கொழுந்தை நிறுக்கும் பகல் நிறுவை முடிந்து எல்லோரும் ரொட்டியைப் பிரித்தபோது மூட்டம் வந்தது. கூடவே வாசமும் வந்தது. கிருஷ்ணகுமாரி முதுகுச் சாக்கோடு கல்லைக் கும்பிட்டாள்.

“கோவிச்சுக்காதீங்க சாமி. பாத்துட்டு வந்துர்றேன்.”

தாண்டிவிட்டாள்.

அங்கே காலடிச் சத்தமே கேட்கவில்லை. வெள்ளைப் பூக்கள் உதிர்ந்து மண்ணை மூடியிருந்தன. மரங்கள் மூட்டத்துக்குள் ஏறிப்போய் எங்கோ மறைந்தன. உயரத்தில் தேனீக்களின் முனகல். இது விழிப்பா தூக்கமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அண்ணாந்து நின்றவளின் கை, தாழ்ந்த கிளையொன்றில் தன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கியிருந்தது. கிள்ளிச் சாக்கில் போட்டது, மறுபடி கிள்ளியது. அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு இலை, ஒரு குருத்து.

தேயிலை. எந்தக் காலத்திலோ யாரோ நட்டுக் கைவிட்டு, கத்தி படாமல் வளர்ந்த தேயிலை. பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிற செடிதான், ஆனால் தன் இடுப்புக்கு மேல் அது வளர்ந்தோ, இப்படிப் பூத்து மணந்தோ அவள் கண்டதில்லை. மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

திரும்பி வந்து சொன்னபோது, கூடக் கொழுந்து பறிக்கும் சசி விழுந்து விழுந்து சிரித்தாள். “அம்புட்டுத் தூரம் போயி தேயிலையவா பாத்துட்டு வந்தீங்க அக்கா? கொல்லன் தெருவுல ஊசி விக்கிறீங்களே.”

பழனியாண்டி சிரிக்கவில்லை. “வழக்கத்த மீறிட்டியே புள்ள,” என்றதோடு சரி. அதற்குப் பிறகு மாலைவரை அவள் முகத்தையே பார்க்கவில்லை. அவள் மனம் வாடிப்போனது.

எல்லோரும் லயத்து வீடுகளுக்கு இறங்கத் தொடங்கியபோது அவர் அவளை மட்டும் நிறுத்தினார்.

“நெசமாவே மரமாவா நிக்குது?”

“ஆமாங்க மாமா.”

“எம்புட்டு ஒசரம்?”

“தல தெரியலைங்க.”

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வயசெல்லாம் வெட்டிட்டேன். வெட்டாம விட்டா அது எதுவரைக்கும் போகும்னு ஒருநாளும் பாத்ததில்ல.”

வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. பழனியாண்டி செருப்பைக் கழற்றிச் சாமி கல்லடியில் வைத்தார்.

“நீ முன்னால போ புள்ள,” என்றார்.