சூடேறாத பிரேக்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பழவேற்காட்டில், தேவகியின் காரில். நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும், "அப்போ நான் பண்ண தப்ப எழுதுங்க சார்" என்றாள். (பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ஏரி அன்று கண்ணாடிபோல்...

வேண்டாம். ஏரியை விடுங்கள்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்து ஆட்களை ஏற்றி இறக்குவது தேவகியின் வேலை. கணவன் உதயகுமார் கடலுக்குப் போகிறவன். அவளுக்கு வேகம் பிடிக்கும். அதைச் சாலையில் காட்டக் கூடாது என்பதும் தெரியும். சொந்தக் காரையே ரேஸ் டிராக்கில் ஓட்டலாம் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிறு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனாள். ஐந்தாவது சுற்றில் பிரேக் மிதி தரைவரை அமுங்கியது. கார் மணலில் இறங்கி நின்றது.

2

"பிரேக் ஆயில் கொதிச்சிருக்கும்மா" என்றான் பொன்னேரி மெக்கானிக் வரதன். அதிகச் சூடு தாங்கும் ஆயில் ஊற்றினான். ஆயில் போகும் ரப்பர் குழாய்களை எடுத்துவிட்டுக் கம்பிப் பின்னல் போட்ட குழாய்களை மாட்டினான். கடைசியாக, சக்கரத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேட், ரேஸுக்கானது. "இது சூடானாத்தான் பிடிக்கும். டிராக் முடிஞ்சதும் பழசையே மாட்டிக்க, இன்னா?"

அடுத்த ஞாயிறு இருபது சுற்று. நினைத்த இடத்தில் கார் நின்றது. திரும்பும் வழியெல்லாம் தேவகி தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தாள். பழைய பேட் டிக்கியிலேயே கிடந்தது. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று...

3

திங்கட்கிழமை காலை. ஏரியோரச் சாலையில் ஜமுனா இறால் கூடையோடு குறுக்கே வந்தாள். சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவள். தேவகி மிதித்தாள். மிதி கல்லாக நின்றது, கார் நிற்கவில்லை.

[இந்த இடத்தில் காரை ஒரு சாண் முன்னால் நிறுத்தி எழுதியிருந்தேன். படித்துக் காட்டினேன். "நிக்கல சார்" என்றாள் தேவகி.]

ஜமுனாவின் வலது மணிக்கட்டு முறிந்தது.

4

ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்ட கையோடு ஜமுனாவே சொன்னாள்: "நான்தான் பாக்காம வந்துட்டேன். நீ இன்னா பண்ணுவே, பாவம்."

உதயகுமார் மனைவியின் காலை மெல்ல மிதித்தான். பேசாதே என்று அர்த்தம். (அவனைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. பயந்திருந்தான், அவ்வளவுதான்.)

"இல்லக்கா" என்றாள் தேவகி. "நீ ஒழுங்காத்தான் வந்தே. ரேஸுக்குப் போட்ட பிரேக்கு. ஜில்லுனு இருந்தா பிடிக்காதுனு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வண்டிய எடுத்தேன்."

ஜமுனா தண்ணீர் பாட்டிலை மடியில் இடுக்கி, இடக்கையால் மூடியைத் திருகினாள். திறக்கவில்லை. தேவகி கையை நீட்டினாள்.

5

பாட்டிலைக் கொடுத்தாளா? மூன்று முடிவுகள் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். மூன்றிலும் தேவகியைக் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறேன். இனி நீங்கள் எழுதுங்கள், ஜமுனாவின் கட்டிலில் உட்கார்ந்து. வலது கையை மட்டும் பயன்படுத்தாதீர்கள்.