நாற்பத்து மூன்று பேர் மனம் புண்பட்ட விவரம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில் மலை மேலிருக்கிற ஆனைக்கரையில் நாற்பத்து மூன்று பேரின் மனம் புண்பட்டது. புண் இடது மார்பில், நடு நெஞ்சிலிருந்து மூன்று விரல் தள்ளி, ஒரு ரூபாய் அகலத்தில் இருந்தது. ஓரம் சிவந்து, நடுவில் ஈரமாக, சட்டை உரசினால் எரிந்தது. மனம் உடம்பில் எங்கே இருக்கிறது என்பதில் அதுவரை ஊரில் பல அபிப்பிராயங்கள் இருந்தன. அன்றோடு அந்தச் சந்தேகம் தீர்ந்தது. நாற்பத்து மூன்றில் இதை எழுதுகிறவனும் ஒருவன். எதற்காகப் புண்பட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. எல்லோருக்கும் வந்தது, எனக்கும் வந்தது.

காரணம் ஒரு படம். வண்டன்மேட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கிற கருத்தப்பாண்டி அதை வரைந்து, அன்றன்றைய விலை வருகிற வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். அந்த வாரம் கோயில் கொடை, பள்ளிவாசல் சந்தனக்கூடு, மாதா கோயில் பெருநாள் மூன்றும் ஒன்றாக வந்து, மூன்று ஒலிபெருக்கிகளும் மலையை உலுக்கிக்கொண்டிருந்தன. படத்தில் மேகத்தின் மேல் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தார். கீழே, ‘மெதுவாச் சொன்னாலே கேக்கும்ப்பா’ என்று ஒரு வரி. முகம் இல்லை, கையில் ஆயுதம் இல்லை, தலையைச் சுற்றி ஒளிவட்டம்கூட இல்லை. இருந்தும் அந்த முதுகு தங்களுடையவருடையதுதான் என்று மூன்று தரப்பும் அடையாளம் கண்டுகொண்டது. உருவமே கூடாது என்றது ஒரு தரப்பு. உருவம் இருக்கட்டும், மாலை எங்கே என்றது இன்னொன்று. இவ்வளவு குண்டாகவா என்றது மூன்றாவது.

ஆரோக்கிய நிலையத்தில் கட்டுப்போட ஒரே ஒரு நர்ஸ்தான் உண்டு. அவர் ஆர்த்தி, கருத்தப்பாண்டியின் மனைவி.

“ஒம் புருசன் வெரல ஒடைக்கணும் தாயி” என்றார் கோயில் கமிட்டி சங்கையா, சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே.

“ஒடச்சிட்டு இங்கதான பெரியப்பா கூட்டியாருவீக? அதுக்கும் நாந்தான் கட்டுப் போடணும். அசையாதீக.”

“மெதுவா தாயி, எரியுது.”

பலசரக்குக் கடை சஜ்ஜாத் தயங்கினார். “அண்ணி, ஒங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல.”

“வருத்தத்த ஸ்டேசன்ல குடுத்துட்டு, புண்ண மட்டும் எங்கிட்ட கொண்டாறியாக்கும்? நல்லாருக்கு தம்பி.”

ஆர்த்தி பதிவேட்டில் ஒரு கேள்வியைச் சேர்த்தார்: பார்த்ததா, கேள்விப்பட்டதா? படத்தைப் பார்த்தவர்களின் புண் ரூபாய் அளவில் நின்றது. பார்க்காமல் கேள்விப்பட்டவர்களுடையது உள்ளங்கை அளவுக்குப் போனது. குவைத்திலிருந்த ஒருவர், போனில் யாரோ ஆத்திரப்பட்டதைக் கேட்டே புண்ணாகி விமானம் ஏறி வந்தார். அவருக்கு முதுகிலும் இருந்தது.

போலீஸ் நிலைய ரைட்டர் சந்தோஷப்பட்டார். மத உணர்வு புண்பட்டது என்று வருடக்கணக்காகப் பராதி, அதாவது புகார், எழுதி வாங்குகிறவர், அந்தப் புண்ணைக் கண்ணால் பார்ப்பது அதுவே முதல்முறை. ஸ்கேல் வைத்து அளந்தார். கோயிலுக்காகச் சங்கையா, பள்ளிவாசலுக்காகச் சஜ்ஜாத், மாதா கோயிலுக்காக ஜீப் ஓட்டுகிற ஜிஜோ என்று மூன்று பராதி. இனிமேல் வரைவதில்லை என்று ஒரு காகிதத்தில் ஒப்பு, அதாவது கையெழுத்து, போட்டால் மூன்றும் வாபஸ், இல்லாவிட்டால் வழக்கு. கருத்தப்பாண்டி போடவில்லை. வாசகசாலையில் கருத்துச் சுதந்திரம் பற்றி ஒரு மணிநேரம் பேசி, கருத்துப்பாண்டி என்று பெயர் வாங்கினார். “வெறும் மை. மையில யாருக்காச்சும் புண் வருமா? நடிக்கிறாக” என்றார்.

“அவுக நடிக்கிற புண்ணுக்குத்தான் நான் நாள் பூரா மருந்து போடுறேன்” என்றார் ஆர்த்தி. “ஒப்புப் போட்டுத் தொலைங்களேன். ஆசுபத்திரியில துணி தீந்துபோச்சு.”

“வரையாம நான் என்னத்தடி செய்வேன்? வெலயப் பாத்து வயிறெரியிறவன் ஒரு தடவ சிரிக்கட்டுமேன்னுதான் போடுறேன்.”

ஆறு மாதம் கழித்து ஜிஜோ ஒரு படம் வரைந்து அதே குழுவில் போட்டான். கருத்தப்பாண்டி முதுகைக் காட்டி நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால், நீண்ட வரிசையின் முன்னே, ஆர்த்தி மண்டியிட்டுத் தன் சேலையைக் கிழித்துக் கிழித்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். ‘புண்ணாக்குறது அண்ணன், கட்டுறது அண்ணி.’ கருத்தப்பாண்டி சஜ்ஜாத் கடையில் எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சிரித்தார். மத்தியானம் சட்டை மார்போடு ஒட்டியது. நான்கு நாள் மறைத்துப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் சீட்டு வாங்கி வரிசையில் நின்றார்.

“என்னாச்சு?” ஆர்த்தி எல்லோரையும் கேட்கிற குரலில் கேட்டார்.

“ஒரு படம்.”

“பாத்ததா, கேள்விப்பட்டதா?”

“பாத்தேன்.”

“பாத்தவுகளுக்கு இம்புட்டுப் பெருசா வராதே.”

“அதுல நீயில்ல இருந்த.”

ஆர்த்தி மருந்துத் துணியைத் தேவைக்கு மேல் அழுத்தினார். பிறகு கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

வெளியே சங்கையா காத்திருந்தார். “இப்பத் தெரியுதா மாப்ள?”

“தெரியுது மாமா. நெசமாவே எரியுது. நடிப்புன்னு சொன்னது எந் தப்புதான்.”

“அப்ப ஒப்புப் போடு.”

“போட மாட்டேன். ஜிஜோகிட்டயும் கேக்காதீக. காதுதான் சரியா வரைய வரல அவனுக்கு. பழகட்டும்.”

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. ஒருவருடைய புண்ணும் ஆறவில்லை. வாய்தா அன்று பராதிக்காரர்கள் மூவரும் கருத்தப்பாண்டியும் ஜிஜோவின் ஜீப்பிலேயே கட்டப்பனை கோர்ட்டுக்குப் போகிறார்கள். இரண்டு ஜீப் எதற்கு? அங்கே நால்வரும் பித்தானைக் கழற்றிக் காட்டுகிறார்கள். மாஜிஸ்திரேட் பார்த்து, இன்னும் ஈரமாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு அடுத்த தேதி கொடுக்கிறார். கருத்தப்பாண்டி வாரம் ஒரு படம் போடுகிறார், ஜிஜோவும் போடுகிறான், யாராவது சிலருக்குப் புதிதாக வருகிறது. ஆரோக்கிய நிலையத்துக்கு இன்னொரு நர்ஸ் வந்துவிட்டார். ஆனைக்கரைத் தையல்காரர்கள் சட்டைப் பையை வலது பக்கம் வைத்துத்தான் தைக்கிறார்கள், உரசாது. இடது பக்கம்தான் வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எந்த ஊர் நீங்கள் என்று கேட்டுவிட்டு, தைத்துக் கொடுப்பார்கள்.